ஆறாம் எட்வர்ட்: ஒன்பது வயதில் இங்கிலாந்தின் அரசனான சிறுவன் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிகளைப் பற்றி நிறையப் பேருக்குத் தெரியும். முதலாம் எலிசபெத்தையும் தெரியும். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஆண்டுவிட்டுப் போன பையனைக் கேட்டால், "நோயாளிப் பிள்ளை, பெரியவர்கள் ஆட்டிவைத்தபடி ஆடினான், சீக்கிரம் செத்துப்போனான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதில் பாதிதான் சரி. எட்வர்ட் கைப்பட எழுதியவை ஏராளமாக மிஞ்சியிருக்கின்றன. அவற்றைப் படித்தால் வேறொரு பையன் தெரிகிறான்: கூர்மையானவன், பிடிவாதக்காரன், சில இடங்களில் பயமுறுத்துகிறவன்.

ஆறாம் எட்வர்ட் யார்? எத்தனை காலம் ஆண்டான்?

டியூடர் வம்சத்தின் மூன்றாவது அரசன். எட்டாம் ஹென்றிக்கும் மூன்றாம் மனைவி ஜேன் சீமோருக்கும் 1537 அக்டோபர் 12 அன்று ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் பிறந்தான். 1547 ஜனவரி 28 அன்று தந்தை இறந்ததும் அரசனானான். 1553 ஜூலை 6 அன்று இறந்தான். ஆறரை வருடத்துக்குக் கொஞ்சம் குறைவான ஆட்சி. பதினாறாவது பிறந்தநாளைப் பார்க்கவில்லை.

தாயின் வயிற்றைக் கிழித்துத்தான் குழந்தையை எடுத்தார்கள் என்கிறார்களே?

பொய். பிரசவ வலி இரண்டு நாளுக்கு மேல் நீடித்தது உண்மை. ஆனால் அந்தக் காலத்தில் வயிற்றைக் கிழித்தால் தாய் அங்கேயே இறந்துவிடுவார். ஜேன் சீமோர் மூன்றாம் நாள் நடந்த ஞானஸ்நானத்தின்போதுகூட உயிரோடு இருந்து வந்தவர்களை வரவேற்றார். அப்புறம் காய்ச்சல் கண்டு, பிள்ளை பெற்ற பன்னிரண்டாம் நாள், அக்டோபர் 24 அன்று இறந்தார். பிரசவத்துக்குப் பின் வரும் தொற்றாக இருக்கலாம் என்பதே பெரும்பாலோர் கருத்து.

அந்த ஞானஸ்நானத்தில் குடும்பம் முழுவதும் ஒரே இடத்தில் நின்றது. மூத்த தாரத்து மகள் மேரி, 21 வயது, ஞானத்தாய். இரண்டாம் தாரத்து மகள் எலிசபெத்துக்கு நான்கு வயது. அவளையே ஒருவர் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. தூக்கி வந்தவர் குழந்தையின் தாய்மாமன் எட்வர்ட் சீமோர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறவியிலேயே நோஞ்சானா?

இல்லை. பலரும் தவறாக நம்பும் விஷயம் இதுதான். நான்கு வயதில் ஒரு கடுமையான காய்ச்சல் வந்து மருத்துவர்கள் கலங்கியது உண்மை. அதிலிருந்து தேறிய பிறகு நன்றாகவே வளர்ந்தான். குதிரையேற்றம், வில்வித்தை, வேட்டை, வளையத்தைக் குறிவைத்து ஈட்டியோடு குதிரையில் பாயும் விளையாட்டு எல்லாம் உண்டு. தான் தோற்ற போட்டிகளையும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறான். 1552 வரை அவனைப் பார்த்த யாரும் சீக்கிரம் இறப்பான் என்று நினைத்திருக்க முடியாது. அவன் இறந்த விதத்தை வைத்து வாழ்ந்த விதத்தை முடிவு செய்துவிட்டார்கள்.

என்ன படித்தான்? அவனுக்குப் பதிலாக அடிவாங்க ஒரு பையனை வைத்திருந்தது உண்மையா?

ஆறு வயது வரை பெண்கள் கையில் வளர்ந்ததாக அவனே எழுதியிருக்கிறான். அதன் பிறகு ரிச்சர்ட் காக்ஸ், ஜான் சீக் என்ற இரு அறிஞர்கள் பாடம் எடுத்தார்கள். லத்தீன், கிரேக்கம், ஜான் பெல்மெய்னிடம் பிரெஞ்சு. பதினோரு வயதில் போப்பின் அதிகாரத்தை எதிர்த்துப் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை நூலே எழுதிவிட்டான். பூகோளமும் நாணய விவகாரமும் அவனுக்குப் பிடித்தவை.

அடிவாங்கும் பையன் கதை பின்னால் கிளம்பியது. அவனோடு படித்த அயர்லாந்துப் பையன் பார்னபி ஃபிட்ஸ்பாட்ரிக்கை அந்தப் பையன் என்பார்கள். ஆனால் ஆசிரியர் காக்ஸ் எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. இளவரசனின் முரட்டுப் பிடிவாதத்துக்கு ஒரு படைத்தலைவன் பெயரை வைத்து, பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் ஒன்று கொடுத்ததும் எதிரி ஓடிவிட்டான் என்று அதில் எழுதுகிறார். அடி இளவரசனுக்கேதான் விழுந்திருக்கிறது. பார்னபி அடிவாங்கப் பிறந்தவன் இல்லை, உயிர் நண்பன். அவன் பிரான்ஸ் போனபோது எட்வர்ட் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. யாரோடு பழக வேண்டும், எதைக் கவனித்து எழுத வேண்டும் என்று பெரிய மனிதனைப் போல ஒரே அறிவுரை.

அப்பா இறந்த செய்தியை அவனுக்கு எப்படிச் சொன்னார்கள்?

உடனே சொல்லவில்லை. ஹென்றி லண்டன் வைட்ஹால் அரண்மனையில் இறந்தது ஜனவரி 28. மூன்று நாள் வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். அந்த இடைவெளியில் மாமன் எட்வர்ட் சீமோர் ஹெர்ட்ஃபோர்டுக்குக் குதிரையில் விரைந்து, பையனை அழைத்துக்கொண்டு, எலிசபெத் தங்கியிருந்த என்ஃபீல்டுக்கு வந்தார். அங்கே அக்கா தம்பி இருவரையும் ஒன்றாக நிறுத்திச் செய்தியைச் சொன்னார். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்று பிற்கால எழுத்தாளர்கள் சொல்கிறார்கள். பையனைக் கையில் வைத்திருப்பவரிடம்தான் நாடு இருக்கும் என்பது அந்த மாமனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

முடிசூட்டு விழா எப்படி நடந்தது?

1547 பிப்ரவரி 20, வெஸ்ட்மின்ஸ்டர் அபே. சின்னப் பையன் களைத்துவிடுவான் என்று சடங்குகளைச் சுருக்கினார்கள். மூன்று கிரீடங்களை ஒன்றன்பின் ஒன்றாக அவன் தலையில் வைத்தார்கள். மூன்றாவது, அவன் தலைக்கு ஏற்றபடி செய்தது.

அதற்கு முந்தின நாள் லண்டன் தெருக்களில் ஊர்வலம். வழிநெடுகப் பேச்சு, பாட்டு, வாழ்த்து. செயின்ட் பால் தேவாலயத்தின் கோபுரத்திலிருந்து தரை வரை ஒரு கனத்த கயிறு கட்டியிருந்தார்கள். ஸ்பெயின் பக்கத்து அரகோனிலிருந்து வந்த ஒரு கழைக்கூத்தாடி, நெஞ்சைக் கயிற்றில் வைத்து, கைகால்களை விரித்து, அம்புபோல் சறுக்கி வந்து அரசனின் பாதத்தை முத்தமிட்டார். பிறகு கயிற்றில் ஏறிப்போய் அந்தரத்தில் வித்தை காட்டினார். எட்வர்ட் ஊர்வலத்தை நிறுத்திவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நாள் முழுவதிலும் ஒன்பது வயதுப் பையனுக்கென்று கிடைத்தது அந்தக் கொஞ்ச நேரம்தான் என்று எனக்குத் தோன்றும்.

உண்மையில் நாட்டை ஆண்டது யார்?

பதினாறு பேர் கொண்ட குழு ஆள வேண்டும் என்பது ஹென்றியின் உயில். ஆனால் ஹென்றி இறந்த சில நாட்களிலேயே எட்வர்ட் சீமோர் நாட்டின் காப்பாளராகிவிட்டார். சாமர்செட் கோமகன் பட்டமும் சேர்ந்தது. 1549 அக்டோபரில் அவர் விழுந்ததும் ஜான் டட்லி கைக்கு அதிகாரம் போனது. அவர் பின்னால் நார்தம்பர்லாந்து கோமகன் ஆனார். டட்லியின் வழி வேறு. பையனை ஒதுக்காமல், ஆலோசனைக் கூட்டங்களில் உட்காரவைத்து, அவன் கருத்தைக் கேட்டார். அவனைப் பழக்கினாரா, அவனைப் பயன்படுத்திக்கொண்டாரா? இரண்டும்தான்.

மாமன் ஒருவர் அரசனின் நாயைச் சுட்டுக் கொன்றாராமே?

ஆமாம். அது இளைய தாய்மாமன் தாமஸ் சீமோர், கடற்படைத் தலைவர். அண்ணனுக்கு இவ்வளவு அதிகாரம், தனக்கு ஒன்றுமில்லையே என்ற குமைச்சல் அவருக்கு. சாமர்செட் பையனுக்குக் கைச்செலவுக்குக்கூடக் காசு தராமல் இறுக்கிப் பிடித்தார். தாமஸ், ஜான் ஃபவுலர் என்ற அரண்மனைப் பணியாளர் மூலம் ரகசியமாகப் பணம் அனுப்பினார். பெரிய மாமன் தன்னை மிகக் கடுமையாக நடத்துவதாக எட்வர்ட் புலம்பியதும் பதிவாகியிருக்கிறது.

தாமஸ் அதே ஃபவுலர் மூலம், "நான் யாரைக் கட்டிக்கொள்ளலாம்?" என்று பையனைக் கேட்கச் சொன்னார். ஹென்றியின் நான்காம் மனைவியாக இருந்த ஆன் ஆஃப் கிளீவ்ஸின் பெயரை எட்வர்ட் சொன்னான். கொஞ்சம் யோசித்துவிட்டு, அக்கா மேரியைக் கட்டட்டும், அவளுடைய மத நம்பிக்கையை மாற்றலாம் என்றான். தாமஸ் மனதில் இருந்தது வேறு. ஹென்றியின் கடைசி மனைவி கேத்தரின் பார், அதாவது எட்வர்டின் சித்தி. பையனிடமிருந்து சம்மதக் கடிதமே வாங்கிவிட்டார்.

1548 செப்டம்பரில் கேத்தரின் பிரசவத்துக்குப் பின் இறந்தார். அதன் பிறகு தாமஸுக்கு நிதானம் போய்விட்டது. 1549 ஜனவரி 16 இரவு, கையில் துப்பாக்கியோடு அரசனின் படுக்கையறைப் பக்கம் நுழையப் பார்த்தார். எட்வர்டின் செல்ல நாய் குரைத்துக்கொண்டு பாய்ந்தது. சுட்டுவிட்டார். மறுநாள் கைது, மார்ச் 20 அன்று தலை போனது. மரண உத்தரவில் சொந்த அண்ணனின் கையெழுத்து. பையனுக்கு அப்போது பதினொரு வயது.

1549-ல் நாடு முழுக்கக் கலவரம் வந்தது ஏன்?

இரண்டு பெரிய கலகங்கள், இரண்டு வேறு காரணங்கள். டெவன், கார்ன்வால் பகுதியில் எழுந்தது மதத்துக்காக. அந்த வருடம் ஜூன் 9 முதல் எல்லாத் தேவாலயங்களிலும் லத்தீனுக்குப் பதில் புதிய ஆங்கிலப் பொது ஜெபப் புத்தகம்தான் என்று சட்டம் வந்தது. சாம்ப்ஃபோர்ட் கோர்ட்னி கிராமத்து மக்கள் பழைய பூசைதான் வேண்டும் என்று பாதிரியாரைக் கட்டாயப்படுத்த, அங்கே தீ பற்றியது. கார்ன்வால்காரர்களில் சிலருக்கு ஆங்கிலமே தெரியாது. அதையும் கோரிக்கையில் எழுதினார்கள். நார்ஃபோக்கில் நடந்தது நிலத்துக்காக. பொது மேய்ச்சல் நிலங்களைப் பணக்காரர்கள் வேலிபோட்டு வளைத்ததை எதிர்த்து, ராபர்ட் கெட் தலைமையில் சுமார் 16,000 பேர் நாரிட்ச் நகருக்கு வெளியே மவுஸ்ஹோல்ட் மேட்டில் முகாமிட்டார்கள். இரண்டையும் ரத்தத்தில் அடக்கினார்கள். கெட்டை ஒடுக்கிய தளபதிதான் ஜான் டட்லி. அந்த வெற்றி அவரை மேலே தூக்கியது.

சாமர்செட் மீது மற்ற பிரபுக்கள் பாய்ந்தபோது, அவர் இரவோடு இரவாக அரசனை ஹாம்ப்டன் கோர்ட்டிலிருந்து விண்ட்சர் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நடக்கத் தோட்டம்கூட இல்லை, சிறையில் இருப்பதுபோல் இருக்கிறது என்று எட்வர்ட் சொன்னான். சில நாட்களில் மாமன் கைதானார்.

மாமன் தலை போனதைப் பற்றி அவன் எழுதியது உண்மையிலேயே அவ்வளவு ஈரமில்லாமல் இருக்கிறதா?

இருக்கிறது. சாமர்செட் முதலில் விடுதலையானார். 1551 அக்டோபரில் மறுபடி கைது, 1552 ஜனவரி 22 அன்று லண்டன் டவர் கோட்டைக்குப் பக்கத்து டவர் குன்றில் மரணதண்டனை. அன்றைய நாட்குறிப்பில் எட்வர்ட் எழுதியது ஒரே வாக்கியம்: காலை எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் சாமர்செட் கோமகனின் தலை டவர் குன்றில் வெட்டப்பட்டது. அவ்வளவுதான். அம்மாவின் அண்ணன், தன் பெயரால் நாட்டை ஆண்ட மனிதர் என்பதற்கு அதில் ஒரு தடயம் இல்லை.

கல்நெஞ்சன் என்று சொல்லிவிடலாம். நான் சொல்லத் தயங்குவேன். அந்த நாட்குறிப்பு ஒருவகையில் அரசுப் பதிவேடு. ஆசிரியரும் மற்றவர்களும் பார்க்கக்கூடியது. துக்கத்தை எழுதும் இடமாக அவன் அதைக் கருதவே இல்லை. வேர்வைக் காய்ச்சல் என்ற கொள்ளைநோயில், 1551 ஜூலையில் அவனோடு கூடப் படித்த ஹென்றி பிராண்டனும் அவன் தம்பியும் ஒரே நாளில் இறந்தார்கள். அந்தக் கொள்ளைநோயைப் பற்றியும் அதே தொனியில்தான் எழுதினான்.

மதத்தில் என்ன மாற்றினார்கள்?

ஹென்றி போப்பை விட்டு விலகினாரே தவிர, பூசை முறையில் பெரும்பாலும் கத்தோலிக்கராகவே இருந்தார். இங்கிலாந்தை உண்மையில் புராட்டஸ்டண்ட் நாடாக மாற்றியது எட்வர்டின் ஆட்சிதான். சிலைகளை அகற்றினார்கள், சுவரோவியங்களுக்கு வெள்ளையடித்தார்கள். பாதிரியார்கள் திருமணம் செய்துகொள்ளலாம் என்றானது. இறந்தவர்களின் ஆன்மாவுக்காகப் பூசை செய்ய விடப்பட்ட மானியங்களை அரசு எடுத்துக்கொண்டது. பேராயர் க்ரான்மர் தொகுத்த ஜெபப் புத்தகம் 1549-லும், இன்னும் தீவிரமான திருத்தப் பதிப்பு 1552-லும் வந்தன. அதன் வழிவந்த வழிபாட்டு முறைதான் பிற்காலத்தில் தமிழிலும் ஜெபப் புத்தகமாகி, திருநெல்வேலிப் பக்கத்து ஆங்கிலிக்கன் மரபுச் சபைகளில் புழங்கியது.

மாற்றத்துக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1550 மே மாதம் ஜோன் போஷர் என்ற பெண்ணை மதவிரோதி என்று உயிரோடு எரித்தார்கள். எட்வர்ட் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டதாக ஒரு கதை உண்டு. நாட்குறிப்பில் கண்ணீர் இல்லை. இன்ன குற்றத்துக்காக எரிக்கப்பட்டாள் என்ற தகவல்தான் இருக்கிறது.

அக்கா மேரியோடு அவனுக்கு என்ன தகராறு?

மேரி தீவிர கத்தோலிக்கர். சட்டம் வந்த பிறகும் தன் வீட்டில் பழைய பூசையை விடவில்லை. 1550 கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் கூடியிருந்தபோது எட்வர்ட் எல்லார் முன்னாலும் அதைக் கண்டித்தான். மேரி அழுதார். அவர் அழுவதைப் பார்த்து அவனும் அழுதான். பதின்மூன்று வயதுத் தம்பி, முப்பத்துநான்கு வயது அக்கா. பாசம் இருவரிடமும் இருந்தது, ஆனால் இருவருமே மசியவில்லை. 1551 மார்ச்சில் மீண்டும் பேச்சு. தன் ஆன்மா கடவுளுடையது, நம்பிக்கையை மாற்ற மாட்டேன் என்று மேரி சொன்னார். அதை எட்வர்ட் அப்படியே எழுதி வைத்தான். மேரியின் உறவினரான புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் போர் தொடுப்பதாக மிரட்டியதால்தான் நெருக்குதல் ஓரளவோடு நின்றது.

கல்யாணம் பேசினார்களா?

இரண்டு முறை. முதலில் மூத்த அத்தையின் பேத்தி, ஸ்காட்லாந்து ராணி மேரி. 1543-ல் ஒப்பந்தம் போட்டபோது மாப்பிள்ளைக்கு ஐந்து வயது, பெண்ணுக்கு ஏழு மாதம். ஸ்காட்லாந்து பின்வாங்கியது. இங்கிலாந்து படையெடுத்து, 1547 செப்டம்பரில் பிங்கி என்ற இடத்தில் வென்றது. பெண்ணைத்தான் பிடிக்க முடியவில்லை. அவளைப் பிரான்சுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். பிறகு 1551-ல் பிரெஞ்சு இளவரசி எலிசபெத்தை நிச்சயித்தார்கள். எட்வர்ட் இறந்தபின் அவர் ஸ்பெயினின் இரண்டாம் பிலிப்பை மணந்தார். அந்தப் பிலிப்புக்கு அதற்கு முந்தைய மனைவி, எட்வர்டின் அக்கா மேரி.

எப்படி இறந்தான்? விஷம் வைத்தார்களா?

1552 ஏப்ரலில் தட்டம்மையும் பெரியம்மையும் கண்டது. அதை முழுக்க உதறிவிட்டதாக பார்னபிக்கு எழுதினான். அந்தக் கோடையில் ஊர் ஊராகச் சுற்றுப்பயணமும் போனான். இத்தாலிய அறிஞரும் ஜோதிடருமான கார்டானோ அவனைச் சந்தித்து, ஜாதகம் கணித்து, ஐம்பது வயது தாண்டுவான் என்றார். 1553 ஜனவரியில் காய்ச்சலும் இருமலும் தொடங்கின. மார்ச்சில் பாராளுமன்றத்தை அரண்மனையிலேயே கூட்ட வேண்டியதாயிற்று. மே மாதம் வில்லோபி, சான்சலர் என்ற கடலோடிகள் இருவரின் கப்பல்கள் வடகிழக்கு வழியாகச் சீனா தேடிப் புறப்பட்டு, கிரீனிச் அரண்மனையைத் தாண்டும்போது மரியாதைக்கு பீரங்கி முழக்கின. வெளியூர் வரைபடங்கள் என்றால் உயிரை விடும் பையன். எழுந்து வந்து பார்க்க முடியவில்லை.

துப்பிய சளி பச்சையும் மஞ்சளும் கறுப்புமாக, சிலநேரம் ரத்த நிறத்தில் இருந்ததாகப் பேரரசரின் தூதர் எழுதினார். ஜூலை 1 அன்று சன்னல் வழியாக அவனை மக்களுக்குக் காட்டினார்கள். உருக்குலைந்திருந்ததைப் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். ஐந்து நாளில் போய்விட்டான்.

விஷம் என்ற வதந்தி அன்றே பரவியது. ஆதாரம் இல்லை. உடலைத் திறந்து பார்த்த மருத்துவர் நோய் நுரையீரலில் என்றார். காசநோய் என்பது பலர் கருத்து; சளிக்காய்ச்சல் முற்றி நுரையீரலில் சீழ் வைத்தது என்பாரும் உண்டு. தட்டம்மை உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து, உள்ளே அடங்கிக் கிடக்கும் காசநோயைக் கிளப்பிவிடக்கூடியது. முந்தின வருட அம்மையோடு இதைச் சேர்த்துப் பார்ப்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

ஜேன் கிரேயை வாரிசாக்கியது டட்லியின் சூழ்ச்சிதானே?

பெரும்பாலான கதைகள் அப்படித்தான் சொல்கின்றன. காரணமும் இருக்கிறது: ஜேன், எட்வர்டின் இளைய அத்தையின் பேத்தி, 1553 மே மாதம்தான் டட்லியின் மகனுக்கு அவளைக் கட்டிவைத்தார்கள்.

ஆனால் அந்த வாரிசுத் திட்டத்தின் வரைவு எட்வர்டின் சொந்தக் கையெழுத்தில் இருக்கிறது. ஆரம்பத்தில் அவன் எழுதியது, பிறக்கப்போகும் ஆண்பிள்ளைகளுக்கே முடி என்று. "ஜேனின் ஆண் வாரிசுகள்" என்பது அதில் ஒரு வரி. நோய் முற்றியது, குடும்பத்தில் ஒரு ஆண்பிள்ளையும் பிறக்கவில்லை. அதே தாளில், அதே வரியில், சில எழுத்துகளை அடித்து மேலே இரண்டு சொற்களைச் செருகினான். இப்போது அது "ஜேனும் அவளது ஆண் வாரிசுகளும்" என்றாகிவிட்டது.

மேரி, எலிசபெத் இருவரையும் ஒதுக்கச் சொன்ன காரணம், அவர்கள் முறைப்படி பிறந்தவர்கள் அல்ல என்பது. மேரி வந்தால் பழைய மதம் திரும்பிவிடும் என்ற பயம் அதற்கு அடியில் இருந்தது. 1544-ல் பாராளுமன்றம் இயற்றிய வாரிசுச் சட்டத்தை இப்படி மீறினால் ராஜத்துரோகம் ஆகும் என்று நீதிபதிகள் மறுத்தார்கள். சாகக் கிடந்த பையன் அவர்களைக் கூப்பிட்டு, கோபமான முகத்தோடு கடிந்துகொண்டு உத்தரவிட்டான். ஜூன் 21 அன்று நூறு பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். டட்லி தூண்டியிருக்கலாம், உறுதியாகத் துணைநின்றார். விருப்பம் எட்வர்டுடையதும்தான். அக்காவைச் சட்டத்தாலும் கண்ணீராலும் மாற்ற முடியாதவன், கடைசியில் இதைச் செய்தான் என்றே நான் படிக்கிறேன்.

பலிக்கவில்லை. ஜூலை 10 அன்று ஜேனை ராணி என்று அறிவித்தார்கள். 19 அன்று லண்டனே மேரி பக்கம் சாய்ந்தது. ஆகஸ்டில் டட்லியின் தலையும், 1554 பிப்ரவரி 12 அன்று ஜேனின் தலையும் போயின. ஜேன் எட்வர்டின் வயதையொத்த பெண்.

எங்கே அடக்கம் செய்தார்கள்?

1553 ஆகஸ்ட் 8, வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், தாத்தா ஏழாம் ஹென்றி கட்டிய சிற்றாலயத்தில். க்ரான்மர் புதிய ஜெபப் புத்தக முறைப்படி நடத்தினார். மேரி அதைத் தடுக்கவில்லை. தான் மட்டும் தனியாக டவரில் தம்பிக்காகக் கத்தோலிக்கப் பூசை செய்வித்தார். அப்புறம் நானூறு வருடத்துக்கு மேல் அந்த இடத்தில் பெயர் பொறித்த கல்கூடக் கிடையாது. 1966-ல்தான் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் பள்ளியார் ஒரு கல் பதித்தார்கள்.

அந்தப் பள்ளிக்கும் அவனுக்கும் என்ன தொடர்பு?

ஆயர் ரிட்லி ஏழைகளுக்கு உதவ வேண்டிய கடமை பற்றிச் செய்த பிரசங்கத்தைக் கேட்டு எட்வர்ட் அவரை அழைத்துப் பேசினான். லண்டன் நகரத்தாரோடு சேர்ந்து உருவானவற்றில் அநாதைக் குழந்தைகளுக்கான கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடலும் ஒன்று. இறப்பதற்குப் பத்து நாள் முன்பு அதற்கான சாசனம் அளித்தான். இன்றும் அது பள்ளியாக நடக்கிறது, பிள்ளைகள் அந்தக் காலத்துப் பாணியில் நீண்ட நீலக் கோட்டு அணிகிறார்கள். ஷெர்போர்ன், பர்மிங்காம், ஷ்ரூஸ்பரி போன்ற ஊர்களில் அவன் பெயரால் பள்ளிகள் எழுந்தன. கோயில் மானியங்களைப் பறித்ததில் பல பழைய பள்ளிகள் மூடப்பட்டதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

அவன் தொடர்பானவற்றை இன்று பார்க்க முடியுமா?

பிறந்த ஹாம்ப்டன் கோர்ட் நிற்கிறது. இறந்த கிரீனிச் அரண்மனை இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் பழைய அரச கடற்படைக் கல்லூரிக் கட்டடங்கள் இருக்கின்றன. நாட்குறிப்பு பிரிட்டிஷ் நூலகத்திலும், வாரிசுத் திட்டத்தின் கையெழுத்துப் படி லண்டன் இன்னர் டெம்பிள் நூலகத்திலும் உள்ளன. கையில் கிலுகிலுப்பையோடு குழந்தை எட்வர்டை ஹோல்பைன் வரைந்த படம் வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. லண்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் 1546-ல் ஸ்க்ராட்ஸ் வரைந்த ஒரு விநோதப் படம்: நேரே பார்த்தால் முகம் இழுபட்டுக் கோணலாகத் தெரியும், சட்டத்தின் ஓரத்தில் கண்ணை வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் பையனின் முகம் சரியாக அமையும். எல்லாப் படங்களும் எப்போதும் காட்சியில் இருப்பதில்லை, விசாரித்துவிட்டுப் போங்கள்.